ப்ரீசர் நின்ன மத்தியானம்

அத்தியாயம் 3

“உங்களை உட்காரச் சொல்லலையே,” என்றார் ஹேமநாத்.

நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. பாதி உட்கார்ந்திருந்த என் டிரைவர் திருமலை என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மீதியையும் உட்கார்ந்து முடித்தான்.

“மன்னிச்சிக்குங்க சார். ஷேர் ஆட்டோ ஓட்டின முட்டி. ஒரு வாட்டி மடங்கிச்சின்னா சவாரி முடியாம நிமிராது,” என்றான்.

ஹேமநாத் சிரிக்கவில்லை. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில் இருக்கும் அந்தக் கடலடி மண் ஆய்வகத்தின் தலைவர் அவர். சென்னைக்காரர். இங்கே வந்து இரண்டு வருஷமாகியும், சாலையைத் தாண்டினால் பேசப்படும் தெலுங்கில் நாலு வார்த்தை தெரியாதவர். அதைப் பெருமையாகவே வைத்திருந்தார்.

“நாலு மணிக்கு விசாரணை. அந்தப் பொண்ணு தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா வேலை மட்டும் போகும். இல்லைன்னா போலீஸ். இதுல நீங்க துப்பறிய என்ன இருக்கு?”

“அவள் ஒத்துக்கொள்ளவில்லையே,” என்றேன்.

“ஒத்துக்க மாட்டா. அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு அழுத்தம் ஜாஸ்தி.”

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கார்வேட்டிநகரம் பக்கம் என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது ஊரை அல்ல என்பது அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

நாலாவது ஆள் தனசேகர். ஆய்வகத்தின் மூத்த உதவியாளர். திருத்தணியிலிருந்து ஒன்பது வருஷமாக ரயிலில் வந்து போகிறவர். எங்களுக்கு டீ சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

என் பெயர் கலைவாணி. சித்தூர் கோர்ட்டில் பதினோரு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சாட்சிகள் தெலுங்கில் சொன்னதைத் தமிழிலும், தமிழில் சொன்னதைத் தெலுங்கிலும் சொல்வது என் வேலை. என் வாயில் என் சொல் என்று எதுவும் இல்லாமல் பதினோரு வருஷம். அதனால்தானோ என்னவோ, இப்போது யாரிடமும் எனக்கு இனிமையாகப் பேச வருவதில்லை. துப்பறியும் தொழிலுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

கௌசிகா அந்த ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியர். வயது இருபத்து நாலு. கண்ணாடிச் சாமான் கழுவுவதும், ப்ரீசர்களின் குளிரை நோட்டில் எழுதுவதும் அவள் வேலை. துருவக் கடலின் அடியிலிருந்து எடுத்துவந்த மண், பன்னிரண்டு பிளாஸ்டிக் குழாய்களில் ஒரு ப்ரீசருக்குள் இருந்தது. போன திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தபோது ப்ரீசரின் ப்ளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போன் சார்ஜர் செருகியிருந்தது. சார்ஜர் கௌசிகாவுடையது. மண் இளகி, அறையே நாறியது.

“போன் சார்ஜ் போடறதுக்காக ரெண்டு வருஷ ஆராய்ச்சியைப் பிடுங்கிப் போட்டிருக்கா,” என்றார் ஹேமநாத்.

நானும் அதை நம்பினேன். நேற்று கௌசிகா என்னிடம் வந்து சொன்னபோதே, அவள் பேசி முடிப்பதற்குள் நம்பிவிட்டேன். ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாமல், வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

“அந்த மண்ணில் என்ன இருக்கிறது?” என்று கேட்டேன்.

அவருக்குப் பிடித்த கேள்வி அது. குரல் கொஞ்சம் இறங்கியது.

“கடல்ல பாசி வளரும், சாகும், அடியில விழும். அதுல இருக்கிறது கார்பன். மண்ணுக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க அதைத் தின்னும். துருவக் கடல் ஐஸ் மாதிரி குளிர். அதனால மெதுவாத் தின்னும். எவ்வளவு மெதுவாங்கிறதுதான் என் ஆராய்ச்சி. தின்னாம மிஞ்சினது அடியிலயே புதைஞ்சு கிடந்தா பூமிக்கு நல்லது. தின்னு தீர்த்தா வாயுவா மேல வந்துடும்.”

“நீங்கள் கண்டுபிடித்தது?”

“புதைஞ்சே கிடக்கும்னு. கடல் கொஞ்சம் சூடானாலும் பயமில்லைன்னு. உலகம் முழுக்கப் படிச்சாங்க. நம்பாதவங்களும் உண்டு. அடுத்த வாரம் ஒரு வெளிக்குழு வந்து இதே மண்ணைத் திரும்ப அளக்கிறதா இருந்தது.”

“எதை வைத்துத் தின்னும்?”

“முதல்ல ஆக்ஸிஜன். அது இருக்கிற மேல்மண் பழுப்பா இருக்கும்.” சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். கப்பல் தளத்தில், குளிர்க் கோட்டுக்குள் அவர். கையில் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே மேலே இரண்டு விரல் பழுப்பு, கீழே பச்சை கலந்த சாம்பல். “அது தீர்ந்தா நைட்ரேட். அப்புறம் துரு. அப்புறம் கடல் உப்புல இருக்கிற சல்பேட். அந்தக் கட்டத்துல மண் கறுத்துப்போகும், அழுகின முட்டை நாத்தம் வரும். எல்லாமே தீர்ந்தப்புறம் கடைசியாத்தான் மீத்தேன். மண்ணுல குமிழ் குமிழா ஓட்டை விழும்.”

“கல்யாணப் பந்தி மாதிரி,” என்றான் திருமலை. “கடைசிப் பந்தியில குந்தினவனுக்கு ரசந்தான்.”

“கடைசிப் பந்தி வர எத்தனை நாள்?” என்றேன்.

“வெயில்ல வெச்சாக்கூட பல வாரம் ஆகும். இதுதான் முதல் பந்தியையே தாண்டலையே. நல்ல மண்ணுக்கு நாத்தமே கிடையாது.” பந்தி என்று தானும் சொல்லிவிட்டதில் அவருக்குக் கோபம் வந்தது. “போதுமா?”

“இளகிப்போன குழாய்களை நான் பார்க்கலாமா?”

“அன்னைக்கே எரிச்சாச்சு மேடம்,” என்றார் தனசேகர். “அழுகின சாம்பிளை வெச்சிருக்கக் கூடாது. ரூல்.”

“சார் பார்த்தாரா?”

ஹேமநாத் சுவர்ப் படத்தைப் பார்த்தபடி சொன்னார். “என்னால பார்க்க முடியலை. மண்ணை வெட்டறது, அளக்கிறது எல்லாம் தனசேகர்தான். ரெண்டு வருஷமா எனக்கு எண்கள்தான் வரும்.”

எரித்ததற்கான பதிவேட்டைத் தனசேகர் மேஜைமேல் வைத்தார். பதினொன்று என்று இருந்தது.

“பன்னிரண்டாவது?”

“வியாழக்கிழமை ஒண்ணை உடைச்சு, சொல்லாம குப்பையில போட்டுட்டா. அவளே ஒத்துக்கிட்டா. அன்னைக்கு மத்தியானந்தான் ப்ரீசர் நின்னிருக்கு. வாட்ச்மேன் வெங்கடசாமி குரல் செய்தியே அனுப்பியிருக்கான்.”

“நானே என் காதால கேட்டேன்,” என்றார் ஹேமநாத்.

“நானும் கேட்கலாமா?”

“போன் மாத்தினேன் மேடம். போயிடுச்சு,” என்றார் தனசேகர். “டீ ஆறுது பாருங்க.”

*

கௌசிகாவை கேட்டுக்குள் விடவில்லை. எங்கள் வேனில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பையின்மேல் இரண்டு கை. ஏறினதும் கதவைச் சாத்திவிட்டு நான் கேட்டேன்.

“குழாய் எங்கே?”

“உடைஞ்சி போச்சின்னு சொன்னேனே.”

“மணிக்கட்டு கனத்தில் மூன்றடி பிளாஸ்டிக் குழாய். உள்ளே கல்லாக உறைந்த மண். அதை உடைக்கக் கோடாலி வேண்டும். பொய் சொல்கிறவர்களுக்கு நான் வேலை செய்ய மாட்டேன்.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“அந்த சார்ஜர் கதைய நீங்களும் நம்புனீங்க இல்ல?”

திருமலை வேனைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் ஏதோ தூசியைத் துடைத்தான்.

“நம்பினேன்,” என்றேன்.

“எம் மூஞ்சியப் பாத்தா சார்ஜர் போட ப்ளக்கு புடுங்கறவ மாதிரி இருக்குது. குழாய எடுத்தேன்னு நெசத்த சொன்னா மட்டும் இன்னா சொல்லுவீங்க? திருடின்னு சொல்லுவீங்க. அதுக்குத்தான் சொல்லல.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். மொழிபெயர்ப்பாளருக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும், எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் குரல் இறங்கவில்லை.

“மணி பத்தே முக்கால். நாலு மணிக்குள் உனக்கு என்ன வேண்டும், சொல்.”

மெல்லச் சொன்னாள். சித்தூரில் அவள் படித்த கல்லூரியில் வெள்ளிக்கிழமை ஒரு கண்காட்சி. அவளுடைய பழைய ஆசிரியை கூப்பிட்டிருந்தார். வாய் வார்த்தையாகப் பனிக்கடல் மண் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று, வியாழக்கிழமை மத்தியானம் ப்ரீசரைத் திறந்து ஒரு குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது. அவள் அண்ணன் ரமணா சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில், குளிர்கிடங்கில் வேலை செய்கிறான். மைனஸ் பதினெட்டு. அன்று சாயங்காலமே குழாயை அங்கே வைத்தாள். கண்காட்சி தள்ளிப்போனது. திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவருவதாக இருந்தாள். திங்கட்கிழமை விடிந்தது இப்படி.

“சொன்னா அண்ணன் வேல போயிடும். சாப்பிடற சாமான் வெக்கிற எடத்துல மண்ண வெச்சான்னு.”

“வியாழக்கிழமை நீ எடுத்தபோது ப்ரீசர் ஓடிக்கொண்டிருந்ததா?”

“வெரலு ஒட்டிக்கினு வரமாட்டேன்னுது. தோலு பிஞ்சிச்சி.” காட்டினாள். ஆள்காட்டி விரல் நுனியில் இன்னும் சிவப்பு.

“திருமலை, சித்தூர்.”

“ஒன்றரை மணி நேரம்க்கா. மாங்கா லாரிங்க வழிவிட்டா.”

“விடாவிட்டால்?”

“ரெண்டு. அதுக்கும் மேல ஆச்சின்னா நீங்க திட்டறதுக்கு டைம் மிச்சம்.”

*

மாங்காய் லாரிகள் வழிவிடவில்லை. ஆலை வாசலில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய வண்டிகள் அரைக் கிலோமீட்டருக்கு நின்றன. வெயிலில் காய் கனிந்து புளித்த வாசனை சாலைவரை வந்தது.

மேலாளர் கோவர்த்தனன் எங்களைக் கிடங்கு வாசலிலேயே மறித்தார். ரமணா அவருக்குப் பின்னால் கம்பளிச் சட்டையோடு, தலை குனிந்து நின்றான்.

“மண்ணா? என் கிடங்குலயா? பேபி புட் கம்பெனிக்குப் போற கூழுடா இது!”

“சாதா மண்ணு இல்ல சார்,” என்றான் திருமலை. “பூமியோட அடிமட்டத்துல இருந்து வந்தது. வெளிநாட்டு சரக்கு.”

“நீ யார்றா?”

“டிரைவர் சார். மண்ணுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. ரோட்டுலதான் பழக்கம்.”

கோவர்த்தனன் அவனைத் தள்ளிவிட்டு ரமணாவிடம் திரும்பினார். “எடுத்துக் குடுத்துட்டு நீயும் இப்படியே போயிடு. நாளையிலேருந்து வர வேணாம்.”

கௌசிகா வாயைத் திறந்தாள். ரமணா கையைக் காட்டினான். “சும்மா இரு,” என்றான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னதாக நினைத்தான். எல்லோருக்கும் கேட்டது.

உள்ளே போனோம். குளிர் காதை அறுத்தது. கூழ் டின்களுக்குப் பின்னாலிருந்து, அலுமினியத் தாள் சுற்றிய குழாயை ரமணா எடுத்துவந்தான். டின்களை எண்ணும் பதிவில், வியாழக்கிழமை மாலை ஆறேகாலுக்கு ‘கூழ் இல்லை, ஒரு உருப்படி’ என்று அவன் கையால் எழுதியிருந்தது. நேர்மையானவன் பொய் சொல்லும்போது இப்படித்தான் எழுதுவான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.

“தாளைப் பிரி,” என்றேன்.

“பிரிக்கக் கூடாது. தனசேகர் சார் மட்டுந்தான் பிரிப்பாரு.”

“பிரி.”

பிரித்தாள். குழாய் நெடுக மண் கறுப்பாக இருந்தது. மேலே பழுப்பு இல்லை. கீழே சாம்பல் இல்லை. முதல் விரலிலிருந்து கடைசி விரல் வரை அடுப்புக் கரி நிறம். அதில் சிறிதும் பெரிதுமாக ஓட்டைகள், பொங்கிப் புளித்த இட்லி மாவை அப்படியே உறையவைத்ததுபோல.

திருமலை குனிந்து பார்த்தான். “அக்கா, எல்லாப் பந்தியும் முடிஞ்சி எலைய எடுத்துட்டாங்க.”

கௌசிகா குழாயைத் தொடாமல் அதன்மேல் விரலை ஓட்டினாள். “திங்கக்கெழம இளகினதுங்களோட இது சேரவே இல்லியே. வியாழக்கெழமையில இருந்து இங்கதான இருக்குது.”

“ஆமாம்.”

“அப்ப நான் எடுக்கறப்பவே இது கெட்டுப்போயி இருந்திச்சா?”

“அதற்கும் முன்னால். எப்போதோ ஒரு தடவை பல வாரம் வெப்பத்தில் கிடந்து, அழுகி முடிந்து, அப்புறம் யாரோ திரும்ப உறையவைத்திருக்கிறார்கள்.”

வேனுக்குத் திரும்பும்போதே எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. தின்ன வேண்டியதை எல்லாம் உயிர்கள் ஏற்கெனவே தின்றுவிட்டன. மிஞ்சியது யாராலும் மெல்ல முடியாத சக்கை. அந்தச் சக்கையை வைத்து அளந்துவிட்டு, துருவ மண்ணில் கார்பன் சிதைவதே இல்லை என்று ஹேமநாத் உலகத்துக்குச் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவினவனிடம் போய்ப் பசிக்கிறதா என்று கேட்டதுபோல. அடுத்த வாரம் வெளிக்குழு வந்து தாளைப் பிரித்தால் மானம் போகும். அதற்குள் மண் அழுகிவிட்டதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஒரு பெண் வேண்டும். ஒரு சார்ஜர் வேண்டும்.

ஹேமநாத்தை எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதவர் குற்றவாளியாக இருப்பதில் இருக்கும் சௌகரியம், வழி நெடுக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

*

மூன்றே முக்காலுக்கு ஆய்வகத்தின் பின் கேட்டில் வேன் நின்றது. போன வாரம்வரை முன் கேட்டில் இருந்த வாட்ச்மேன் வெங்கடசாமியை இங்கே மாற்றியிருந்தார்கள். நிழல் இல்லாத கேட்.

“நாக்கேமி தெலீது,” என்றார் எங்களைப் பார்த்ததுமே. எனக்கு ஒன்றும் தெரியாது.

நான் தெலுங்கில் சொன்னேன்: ப்ரீசர் நின்றுபோனதாக நீங்கள் சாட்சி சொன்னதாக அறிக்கையில் எழுதியிருக்கிறது. அதை வைத்து இந்தப் பெண்ணைப் போலீசில் கொடுக்கப் போகிறார்கள்.

கிழவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “நேனு அட்ல செப்பலேது!” அப்படி அவர் சொல்லவே இல்லையாம். கைபேசியை எடுத்து, தடித்த விரலால் தேடி, தான் அனுப்பிய குரல் செய்தியை என் காதில் வைத்தார். அனுப்பிய இடத்தில் அது பத்திரமாக இருந்தது.

இரண்டு தடவை கேட்டேன். திரையில் இருந்த நாளையும் நேரத்தையும் பார்த்தேன். அப்புறம், வழி நெடுக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்தச் சௌகரியம் எழுந்து போய்விட்டது.

“இன்னாக்கா?” என்றான் திருமலை.

“தப்பான ஆளைப் பிடித்திருந்தேன். பெரியவரையும் கூட்டிக்கொண்டு வா.”

*

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் நிர்வாக அதிகாரி லட்சுமம்மா. நெல்லூர்க்காரர், தமிழ் புரியும், பேச்சு பாதி தெலுங்கு. வலது பக்கம் ஹேமநாத். இடது பக்கம், அறிக்கையை எழுதிய தனசேகர். மேஜைமேல் ஒரு தாளும் பேனாவும். கௌசிகா கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

“வெளியாளுங்களுக்கு இங்க வேலை இல்லை,” என்றார் ஹேமநாத்.

“ஒரு செய்தியைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.” வெங்கடசாமியின் கைபேசியை மேஜைமேல் வைத்து அழுத்தினேன்.

*சார், ப்ரீசர் நின்ன மத்யானம் கௌசிகம்மா தெரிச்சிந்தி. ஒக்க கொட்டம் தீஸ்கொனி போயிந்தி.*

“இதேதான்,” என்றார் ஹேமநாத் வெற்றியோடு. “முன்பாதியை நான் கேட்டேன். ப்ரீசர் நின்ன மத்தியானம் கௌசிகா திறந்தான்னு தெளிவாச் சொல்றான்.”

லட்சுமம்மா அவரை விசித்திரமாகப் பார்த்தார். “ஏமி சார்? நின்ன அண்ட்டே நேத்து. நேத்து மத்தியானம் கௌசிகம்மா ப்ரீசர் தெறந்திச்சி, ஒரு குழாய் எடுத்துக்கினு போச்சி. அந்தே, அவ்வளவுதான். நின்னு போச்சின்னு எங்க சொன்னான்?”

ஹேமநாத்தின் முகத்தில் நடந்ததை நான் கோர்ட்டில் பல முறை பார்த்திருக்கிறேன். தன் மொழி என்று நினைத்த சொல் வேறொரு மொழிக்குப் போய் நின்றுகொள்ளும்போது, கேட்டவரின் காலடி கொஞ்சம் நகரும்.

“தெலுங்கில் ‘நின்ன’ என்றால் நேற்று,” என்றேன் அவரிடம். “உங்கள் காது தமிழ்க் காது. இந்தத் தப்பை நீங்கள் செய்யலாம். இரண்டு வருஷமாகத்தான் இங்கே இருக்கிறீர்கள். ஒன்பது வருஷமாக இருப்பவர் செய்ய முடியாது. அதனால்தான் செய்தியின் முன்பாதியை மட்டும் உங்களுக்குப் போட்டுக் காட்டி, உங்களையே சாட்சியாக்கினார்.”

தனசேகர் புன்னகையை விடவில்லை. “மேடம், நானும் தமிழன்தான். நின்னதுன்னுதான் என் காதுலயும் விழுந்திச்சி. தப்பாக் கேட்டது ஒரு குத்தமா?”

“குற்றமில்லை. அப்படியே வைத்துக்கொள்வோம். ப்ரீசர் நின்றுவிட்டது என்றுதான் உங்கள் காதில் விழுந்தது. செய்தி உங்களுக்கு வந்த நாளைப் பாருங்கள்.”

லட்சுமம்மா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். “சுக்ரவாரம். வெள்ளிக்கிழமை. காலை ஒம்போது பத்து.”

“வெள்ளிக்கிழமை காலையிலேயே ப்ரீசர் நின்றுவிட்டதென்று கேட்டவர், திங்கட்கிழமைவரை ஏன் போய்ப் பார்க்கவில்லை?”

தனசேகர் கைபேசியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

“நேற்று என்று கேட்டிருந்தால், அறிக்கையில் பொய் எழுதினீர்கள். நின்றது என்று கேட்டிருந்தால், தெரிந்தே மூன்று நாள் அழுக விட்டீர்கள். எந்தக் காது உங்களுடையது, நீங்களே சொல்லுங்கள்.”

“ரெண்டு காதையும் அடமானம் வெச்சாலும் மீள முடியாதுக்கா,” என்றான் திருமலை கதவருகிலிருந்து.

தனசேகர் டீ கிளாசைப் பிடிப்பதுபோல வெறும் கையை மூடித் திறந்தார். “நான் எதுக்கு சாரோட மண்ணை அழிக்கணும்?”

“கௌசிகா,” என்றேன்.

அவள் ஐஸ் பெட்டியைத் திறந்து குழாயை மேஜைமேல் வைத்தாள். சித்தூரிலிருந்து வந்த வெயிலில் ஐஸ் கரைந்து, மண்ணின் மேல்பகுதி இளகியிருந்தது. தனசேகரின் முகத்தில் அப்போதுதான் புன்னகை நின்றது.

“வியாழக்கிழமை சாயங்காலம் ஆறேகாலிலிருந்து மைனஸ் பதினெட்டில் இருந்த குழாய்,” என்றேன். “பதிவு இருக்கிறது. உங்கள் ப்ரீசர் எப்போது நின்றிருந்தாலும் இதற்குச் சம்பந்தமில்லை.”

ஹேமநாத் குனிந்து பார்த்தார். எழுந்து பின்னால் நகர்ந்தார். “கறுப்பா இருக்கிறது தாதுவா இருக்கலாம். வெளியில எடுத்துட்டுப் போனதுல ஏதாவது ஆகியிருக்கலாம். இந்தக் குழாயை நான் பார்க்கலைன்னு வெச்சுக்கங்க.”

கௌசிகா மூடியைத் திருகினாள்.

நாற்றம் மேஜையிலிருந்து எழுந்து சுவர்வரை போனது. வெங்கடசாமி துண்டால் மூக்கைப் பொத்தினார். லட்சுமம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“சார், நல்ல மண்ணுக்கு நாத்தமே இருக்காதுன்னு நீங்கதான எல்லா மீட்டிங்லயும் சொல்லுவீங்க? ப்ரீசர் நிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக்கினு போனது எப்பிடி நாறுது?”

ஹேமநாத் திறந்த குழாயைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் மிக மெதுவாகத் தனசேகர் பக்கம் திரும்பினார்.

“கப்பல்லேருந்து இறங்கினப்புறம் ரெண்டு மாசம் துறைமுகத்துக் குளிர்கிடங்குல இருந்துச்சுன்னு சொன்னே.”

தனசேகர் ஜன்னலைப் பார்த்தார்.

“தனசேகர்.”

“தடா செக்போஸ்ட்டுல இருந்திச்சி சார்.” குரல் வேறு யாருடையதோ போல வந்தது. “பேப்பர் சரியில்லைன்னு பார்டர்ல நிறுத்திட்டாங்க. தகர ஷெட்டு. ஏப்ரல், மே. முதல் வாரத்துலயே வண்டியோட கூலிங் மெஷின் போச்சி. எங்க வீட்ல கல்யாணம், நான் போய்ப் பாக்கலை. பாத்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்திச்சி. உங்ககிட்ட சொன்னா வேலை போயிடும். மண்ணுதான, திரும்பக் கட்டியாக்கிட்டா யாருக்குத் தெரியும்னு… நீங்க எண்ணுங்களைத்தான பாப்பீங்க.” நின்றார். “வெளியிலேருந்து ஆளுங்க வராங்கன்னதும் வேற வழி தெரியலை.”

“சார்ஜர்?” என்றாள் கௌசிகா. அறைக்கு வந்தபின் அவள் பேசிய முதல் வார்த்தை.

“உன் டிராயர்ல இருந்திச்சி.”

“ஏன் என்னுது?”

அவள் சார்ஜர் என்று கேட்டதும் எல்லோரும் நம்புவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த எல்லோரில் நானும் ஒருத்தி. துப்பறிகிறவள் கண்டுபிடிக்க விரும்பாத ஒரே ஆள் எப்போதும் அவளேதான். இன்று அவளோடு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

லட்சுமம்மா முந்தானையை எடுக்காமலே சொன்னார். “தடா விஷயம் தனி. அதை அப்பறம் பாக்கறேன். இந்தப் பொண்ணு விஷயத்துக்கு எனக்கு ஒண்ணு ரிகார்டுல வேணும். இந்த மண்ணு எப்ப கெட்டிச்சி? இந்த வாரமா, ரெண்டு வருஷம் முன்னாடியா? எனக்கு மண்ணு தெரியாது, தனசேகர் சொன்னா செல்லாது. ஹேமநாத் சார் சொல்லணும்.”

எல்லோரும் அவரைப் பார்த்தோம். இந்த வாரம்தான் என்று சொன்னால் அவருடைய கட்டுரை பிழைக்கும். எடுத்துப் போன வழியில் அவள் கெடுத்தாள் என்று எழுதி, அந்தத் தாளில் அவள் கையெழுத்தை வாங்கிவிடலாம். ரெண்டு வருஷம் என்று சொன்னால் அவள் பிழைப்பாள். அவர் நம்பிய ஒவ்வொரு எண்ணும் செத்துப்போகும்.

அவர் குழாயின்மேல் குனிந்தார். சுட்டுவிரலை ஒரு குமிழ் ஓட்டைக்கு நேராக, பிளாஸ்டிக்கின்மேல் வைத்தார். விரலை நகர்த்தி அடுத்த ஓட்டைக்குப் போனார். அதற்கடுத்தது. எண்ணுகிறார் என்று நினைத்தேன். எண்ணவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஒரு வாரத்து வேலை இல்லை,” என்றார். “மீத்தேன்வரைக்கும் போயிருக்கு. அந்தப் பொண்ணு எடுக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி. எழுதிக்கங்க.”

லட்சுமம்மா எழுதினார். மேஜையில் இருந்த கையெழுத்துத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

ஹேமநாத் நிமிர்ந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. கௌசிகாவைப் பார்த்த கண்களில் இருந்தது வெறும் வெறுப்பு. மறைக்கவும் முயலாத, களைத்துப்போன வெறுப்பு.

“சந்தோஷமா?” என்றார்.

கௌசிகா மூடியைத் திருகி மூடினாள். ஒழுகியிருந்த கறுப்புச் சேற்றைத் தன் கைக்குட்டையால் மேஜையிலிருந்து துடைத்தாள்.

“எனக்கு இன்னா சார் சந்தோசம். எங்கண்ணனுக்கு வேல போச்சி. திங்கக்கெழம நான் இங்கதான் வரணும், உங்க கீழதான் வேல செய்யணும்.”